ஆற்றுக்குப் பாய் விரித்த ஊர்

கடலே இல்லாத திண்டுக்கல் சீமையில் தீவு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பணி ஓய்வு பெற்று எட்டு வருடம் கழியும்வரை நானும் அதைத் தீவு என்று சொன்னதில்லை. எங்களுக்கு அது திட்டு. ஆறு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, மூன்று கிலோமீட்டர் தள்ளி மறுபடி ஒன்றுசேரும். நடுவில் மேட்டு நிலம். நாற்பது வீடுகள், ஒரு காளியம்மன் கோயில், சின்ன வெங்காயம், கத்தரி, சோளம், கரையோரம் தென்னை. அவ்வளவுதான்.

அதைத் தீவாக்கியவர்கள் மனை விற்கிறவர்கள். நாலுவழிச் சாலை ஓரம் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். ‘உங்கள் சொந்தத் தீவு. காரிலேயே சுற்றிப் பார்க்கலாம். அரைநாள் போதும்.’

அரைநாள் போதும் என்பதில் பொய் இல்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஓர் அதிகாரி காரில் வந்து அரைநாளில் அதை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பார்த்துவிட்டுப் போனதன் பலனை என் அக்கா இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறாள்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் என்னைப் போல நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்றவர்கள். ஆய்வு என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் போக வேண்டும் என்பது விதி. முன்னறிவிப்பு இல்லாமல் போனால் சாப்பாடு இருக்காது என்பது நடைமுறை. எந்த இலாகா என்று நான் சொல்லப் போவதில்லை. என் ஓய்வூதியமும் அங்கிருந்துதான் வருகிறது.

போன மாதம் நான் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் திட்டுக்குப் போனேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே ஓய்வு பெற்ற பிறகுதான். அக்கா அய்யலூரில் இருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டவர் சந்தையில் ஆடு வாங்கி விற்கிறவர். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. பலகையைப் பற்றிப் போனில் சொன்னதும், “தீவாமா தீவு. வா, போயிப் பாத்துட்டு வருவோம். சந்தை நாளுக்கு முன்னாடி கொண்டாந்து விட்டுரு” என்றாள்.

போகும் வழியெல்லாம் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். பல வருடமாக நினைத்துக்கொண்டிருப்பதுதான். அது என்ன என்று சொல்லுமுன், நான் ஐந்தாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையைச் சொல்லிவிடுகிறேன்.

திட்டுக்குப் பாலம் வேண்டும் என்று மனு எழுதியது அக்கா. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு முடித்தவள். திட்டில் அவ்வளவு படித்தவர் வேறு யாருமில்லை. நாட்டாமை பேசப் பேச அவள் எழுதவில்லை. அவள் எழுதி முடித்து வாசித்தாள். நாட்டாமை தலையாட்டிக் கைநாட்டு வைத்தார். நீல மையில் எழுதியது. அந்தக் கையெழுத்தைப் போல ஒன்றை என் முப்பத்தைந்து வருடப் பணியில் எந்தக் கோப்பிலும் நான் பார்த்ததில்லை. ஒவ்வோர் எழுத்தும் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்து எழுத்தைத் தொடாமல், அதே சமயம் விட்டும் போகாமல் இருக்கும்.

மனுவோடு அவள் நிறுத்தவில்லை. காலண்டர் அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தாள். ஆற்றில் எந்தெந்த நாள் எவ்வளவு தண்ணீர் போனது, முழங்கால் அளவா, இடுப்பளவா, கழுத்தளவா, எத்தனை நாள் ஊரே தாண்ட முடியாமல் கிடந்தது என்று இரண்டு வருடமாக எழுதி வந்தாள். அதில் ஒரு வரி எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது: ‘கழுத்தளவு. தபால்காரர் அக்கரையிலிருந்து கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.’

ஆய்வுக்கு வருகிறார்கள் என்று கடிதம் வந்தது பங்குனியில். பங்குனியில் எங்கள் ஆறு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மணல். வெயிலில் பொரிந்து, காலை வைத்தால் கணுக்கால்வரை புதையும் மணல். தண்ணீரின் கொடுமையைப் பார்க்க வருகிறவரைத் தண்ணீர் இல்லாத மாதத்தில் அனுப்பிவைத்த புண்ணியவான் யார் என்று பிற்பாடு நான் தேடியதுண்டு. யாருமில்லை. நிதியாண்டு முடிவதற்குள் நிலுவை மனுக்களை முடிக்க வேண்டும் என்ற சுற்றறிக்கைதான். அப்படிப்பட்ட சுற்றறிக்கைகளை நானே பின்னால் எத்தனையோ அனுப்பியிருக்கிறேன்.

கடிதத்தை அக்கா வாசித்ததும் கோயில் முன்னால் பேச்சு கிளம்பியது. அதிகாரி காரில் வருகிறார். மணலில் கார் சிக்கும். அது எல்லாருக்கும் தெரியும்.

“பாய் போட்டுருவோம்” என்றார் நாட்டாமை.

திட்டில் இது பழைய வழக்கம். கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வண்டி வந்தாலோ, திருவிழாவில் அம்மனின் சப்பரம் அக்கரைக்குப் போனாலோ, ஆற்று மணலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை சோளத்தட்டையைப் பரப்பி, அதன்மேல் தென்னமட்டையைக் குறுக்கே அடுக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, வெறும் வண்டியை நாலைந்து தடவை மேலே ஓட்டி அழுத்திவிடுவார்கள். சக்கரம் சிமெண்டுத் தரையில் போகிற மாதிரி போகும். பாய் போடுவது என்று அதற்குப் பேர். வருகிற விருந்தாளி மணலில் இறங்கி நடந்தால் திட்டுக்கே தலைகுனிவு.

அக்கா கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். “பாய் போட வேணாம். காரு சிக்கட்டும்.”

“சிக்கட்டுமா?”

“சிக்குனாத்தான பெரியப்பா, பாலம் வேணும்னு அவுகளுக்குத் தெரியும்?”

நாட்டாமை சிரித்தார். பொல்லாத மனிதர் இல்லை. “ஏ படிச்ச புள்ள, வீட்டுக்கு வாரவன் வாசல்ல வழுக்கி விழுகட்டும், அப்பத்தான் வாசல் சரியில்லன்னு தெரியும்னு சொல்றியா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்து, “பெரியவுக பேசுறப்ப நடுவுல ஒனக்கு என்ன சோலி? வீட்டுக்குப் போ” என்றார்.

அத்தனை பேரில் சரியாகச் சொன்னது அவள் ஒருத்திதான். சிரித்தவர்களில் நானும் உண்டு.

கோடையில் மாட்டுக்கென்று போராக அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டையை வீட்டுக்கு வீடு படப்பிலிருந்து உருவிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து போனது பாதிப் படப்பு. அம்மா, “மாடு என்னத்தத் திங்கும்?” என்று கேட்டதற்கு, “பாலம் வந்துருச்சுன்னா லோடு லோடா வாங்கிப் போடுவோம்டி” என்றார் அப்பா. இரண்டு நாள் பெண்களும் ஆண்களும் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் சுமந்தார்கள். ஈரத்தட்டையின் புளித்த வாசனை வெயில் ஏற ஏற ஆற்றையே நிறைத்தது. முடிந்ததும் கரையில் நின்று பார்த்தபோது மஞ்சள் கம்பளம் விரித்தது போல இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

கருப்பு அம்பாசிடர் பதினொரு மணிக்கு வந்தது. பாயின் மேல் ஏறி, ஒரு குலுக்கல் இல்லாமல் இக்கரை சேர்ந்தது. நாங்கள் கைதட்டினோம். பாலம் வேண்டும் என்று மனுக் கொடுத்த ஊர், பாலம் தேவையில்லை என்று நிரூபித்துவிட்டுக் கைதட்டியது. இதைவிட முழுமையாக ஒரு மனுவை எந்த அதிகாரியும் தள்ளுபடி செய்துவிட முடியாது.

அதிகாரி நல்ல உயரம். வெள்ளைச் சட்டை, தோல் பை. இறங்கியதும், “மொத்தத்தையும் ஒரு ரவுண்டு பாத்துடலாமா?” என்று கேட்டார். அவர் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின் சீட்டில் நாட்டாமை ஒரு ஜன்னல், அக்கா மறு ஜன்னல். மனு எழுதியவள், அதிகாரி ஏதாவது கேட்டால் சொல்வாள் என்று நாட்டாமைதான் அவளை ஏற்றினார். அப்பா இரண்டு நிபந்தனை போட்டார். கேட்டாலொழிய வாயைத் திறக்கக் கூடாது. நடுவில் சின்னவள் உட்கார வேண்டும். அப்படித்தான் எனக்கு முதல் கார்ப்பயணம் கிடைத்தது. அப்பா சைக்கிளில் பின்னால் வந்தார். கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தால் புழுதிக்குள் அவருடைய தலைப்பாகை மட்டும் தெரிந்து மறையும்.

அக்கா சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள். மடியில் அந்த நோட்டு.

காருக்குள் தோல், பெட்ரோல், அதிகாரியின் பவுடர் எல்லாம் கலந்த ஒரு வாசனை. நான் தினம் நடக்கிற வண்டிப்பாதையே வேறு மாதிரி ஓடியது. கத்தரிக் கொல்லை, கோயில், வெங்காயப் பட்டறை. பட்டறை என்றால், அறுத்த சின்ன வெங்காயத்தைத் தரையில் படாமல் மூங்கில் தட்டியில் உயர்த்திக் கொட்டி, மேலே தென்னங்கிடுகு வேய்ந்து காற்றாட வைக்கிற பந்தல். அதிகாரி காரை நிறுத்தி இறங்கி அதைத் தட்டிப் பார்த்தார். “ரொம்ப நல்ல ஏற்பாடு” என்றார். நாட்டாமைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“ஊர்ல என்ன குறை?” என்று அதிகாரி கேட்டார்.

“ஒங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்கய்யா” என்றார் நாட்டாமை.

எங்கள் பக்கத்து மரியாதை அது. விருந்தாளி முதலில் கேட்டால் குறை இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால் இழுக்கலாம். மூன்றாவது தடவை சொல்லலாம். அதிகாரி ஒரு தடவைதான் கேட்டார். குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். “நீ என்ன படிக்கிற பாப்பா?”

“அஞ்சாப்பு சார்.”

“ஸ்கூல் எங்க இருக்கு?”

“அந்தக் கரையில சார்.”

“அப்ப தினம் ஆத்தைத் தாண்டணுமே. கஷ்டமா இல்ல?”

“இல்ல சார். நான் ஒருநாக்கூட லீவு போட்டதில்ல. பெரிய சார் சோப்பு டப்பா பரிசு குடுத்தாரு.”

“மழைக்காலத்துலகூடவா?”

“மழைக்காலத்துலயுந்தான் சார்.”

அக்காவின் முழங்கால் என் முழங்காலை அழுத்தியது. இடம் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் நாட்டாமை பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“வெரி குட்” என்றார் அதிகாரி. அதையும் எழுதினார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் என்னை அக்கரையில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு நாலு தெரு. திட்டிலிருந்து வருகிற மற்றப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு அக்கரையில் அத்தை இல்லை. அவர்கள் பெயருக்கு நேரே அந்த இரண்டு மாதமும் வரிசையாக விடுமுறைக் குறிதான். அதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. உண்மையை மட்டும் சொல்லி ஓர் ஊரைக் கவிழ்ப்பது எப்படி என்று எனக்குப் பத்து வயதிலேயே கைவந்துவிட்டது. உத்தியோகத்துக்கு வேண்டிய தகுதி.

சாப்பாடு எங்கள் வீட்டில். நாட்டுக்கோழிக் குழம்பு, இரண்டு வெஞ்சனம், கட்டித் தயிர். அதிகாரி ரசித்துச் சாப்பிட்டார். அவர் கை கழுவும்போது அக்கா, அம்மாவிடம் மெதுவாக, “இப்பவாச்சும் பாலத்தப் பத்தி அப்பாவக் கேக்கச் சொல்லும்மா” என்றாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா அக்காவை முறைத்தார்.

“சோத்தப் போட்டுட்டுக் கேக்குறது கூலி கேக்குற மாதிரி. எழுதித்தான் குடுத்திருக்கம்ல.”

கார் டிக்கியில் ஒரு கூடை கத்தரிக்காயும் ஒரு குலை இளநீரும் ஏறின. கார் பாயின் மேல் வழுக்கிக்கொண்டு போய் அக்கரையில் ஏறியது. நோட்டை அக்கா பிரிக்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. சாயங்காலம் பாயைச் சுருட்டி எடுத்தார்கள். சேறும் எண்ணெயும் பட்ட தட்டையை மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஐப்பசி பிறந்து சில நாளில் அக்காவுக்கு ஒரு அட்டை வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவள் பதிந்து வைத்திருந்தாள். எழுத்தர் வேலைக்கு நேர்காணல், திண்டுக்கல்லில், வரும் வியாழக்கிழமை காலை பத்து மணி. அட்டை வந்தது வெள்ளிக்கிழமை. அன்று ஆற்றில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேற்கே மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. அக்கா பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். “நான் இன்னைக்கே அத்தை வீட்டுக்குப் போயிர்றேம்ப்பா. தண்ணி வந்துருச்சுன்னா போக முடியாது. இவளையும் கொண்டுபோயி விட்டுர்றேன்.”

“நாலு நாளைக்கு முன்னாடியே போயி அங்க என்னத்தப் பண்ணப் போற? வெங்காயம் அறுத்துக் கெடக்கு. மழைக்கு முந்திப் பட்டறைல ஏத்தணும். ஏத்திட்டு ரெண்டு பேரும் புதங்கெழம போங்க.”

“தண்ணி வந்துரும்ப்பா. போன வருசம் இதே தேதிக்கு இடுப்பளவு. எழுதி வச்சிருக்கேன்.”

“நீ எழுதி வச்சா அது வந்துருமா?”

வெங்காயம் ஏறியது. செவ்வாய்க்கிழமை காலை வாசலில் நின்றால் ஆற்றின் இரைச்சல் கேட்டது. கரைக்குப் போய்ப் பார்த்தோம். செக்கச் செவேலென்று தண்ணீர், அதில் வேரோடு பிடுங்கிய மரம் உருண்டு போகிறது. நாங்கள் பாய் விரித்த இடத்தின் மேல் தென்னை உயரம் இல்லையென்றாலும் ஓர் ஆள் உயரத் தண்ணீர்.

புதன்கிழமை மழை ஓய்ந்தது. வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆண்கள் லாரி டியூபில் காற்றடித்து, அதில் ஒருவரை உட்காரவைத்து, இரண்டு பேர் நீந்தித் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போய் வருவதுண்டு. நாட்டாமையின் மகனும் இன்னொருவரும் டியூபோடு வந்து நின்றார்கள். “நாங்க சேத்துர்றோம் சித்தப்பா. பயப்படாதீக.”

அக்கா அட்டையையும் சான்றிதழையும் உரச்சாக்கின் பிளாஸ்டிக்கில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள்.

“ஏறு கரைக்கு” என்றார் அப்பா.

“அப்பா, நான் போயிருவேன்.”

“நனைஞ்ச சீலையோட ரெண்டு ஆம்பளைக தள்ள, அந்தக் கரையில ஊரே நின்னு பாக்க ஏறப்போறியா? நாளைக்கு ஒருத்தன் ஒன்னக் கட்டுவானா?”

“கட்டாட்டிப் போகட்டும்.”

அறை விழுந்தது. அக்கா அழவில்லை. தண்ணீரிலேயே நின்றாள். அவளுடைய கால்களைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து போனது. சற்று நேரம் கழித்து ஏறி வந்தாள். டியூபைக் கொண்டுவந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் அன்றைக்கே அதே டியூபில் இரண்டு சிப்பம் வெங்காயத்தை அக்கரை சேர்த்தார்.

ஆறு ஒன்பது நாள் இறங்கவில்லை. இறங்கிய பிறகு ஒரு கடிதம் வந்தது. நேர்காணலுக்கு வராததால் விருப்பமில்லை என்று கொள்ளப்பட்டதாக. அந்த வருடம் எனக்கும் சோப்பு டப்பா கிடைக்கவில்லை.

இதில் ஒரு நடைமுறை உண்டு. குறித்த நாளுக்குள் காரணத்தை எழுதி, கிராம அதிகாரியின் சான்றோடு அனுப்பினால் மறுவாய்ப்புத் தர இடமிருந்தது. அந்த விதியை நான் முப்பது வயதில், வேறொருவருக்கு மறுவாய்ப்பு மறுத்துக் குறிப்பு எழுதும்போது படித்துத் தெரிந்துகொண்டேன். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு எடுத்து எழுதி முடித்தேன். அவர் கெடு தாண்டி அனுப்பியிருந்தார்.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு அய்யலூர். ஆற்றில் பாய் விரித்து வண்டியை அனுப்பினார்கள். அந்தக் கையால் அவள் அதற்குப் பிறகு எழுதியது சந்தையில் வாங்கிய ஆட்டின் முதுகில் போடுகிற மைக்குறிதான். நாற்பது வருடம் போட்டாள். எங்கள் ஆடு எது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் என்று அத்தான் பெருமையாகச் சொல்வார்.

லாபம் எனக்கு. அப்பாவுக்கு உள்ளுக்குள் அறுத்ததோ என்னவோ, அடுத்த வருடமே என்னைத் திண்டுக்கல் விடுதியில் சேர்த்தார். “இவளாச்சும் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்” என்றார். நான் பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, அக்கா தவறவிட்ட அதே எழுத்தர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, மெல்ல மெல்ல மேலே ஏறினேன்.

கண்காணிப்பாளராக இருந்தபோது பதிவறையைச் சுத்தம் செய்ய உத்தரவு வந்தது. காப்புக்காலம் முடிந்த கோப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் பார்த்து, அழிக்கலாம் என்று நான் கையெழுத்திட வேண்டும். அந்தக் கட்டுகளில் எங்கள் திட்டின் கோப்பு இருந்தது. மேலே நீல மையில் அக்காவின் மனு. மங்கவே இல்லை. அதன் கீழே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஆய்வறிக்கை ஒரே பக்கம்.

ஆற்றுப்படுகை உறுதியாக உள்ளது. கார் சிரமமின்றிக் கடந்தது. உள்ளே பாதைகள் நல்ல நிலையில் உள்ளன. குடியிருப்போர் குறை ஏதும் தெரிவிக்கவில்லை. திட்டைச் சேர்ந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, மழைக்காலம் உட்பட ஆண்டு முழுவதும் ஒருநாளும் தவறாமல் பள்ளி சென்று வருவதாக நேரில் கூறினாள். எனவே பாலம் தேவையில்லை.

அதிகாரி எதையும் கற்பனையாக எழுதவில்லை. அவர் பார்த்ததும் கேட்டதும்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அன்று பதிவறையில் நான் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இனி போன மாதத்துக்கு வருகிறேன்.

ஆற்றுக்கு இப்போது பாலம் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வரத்து நின்று, சீமைக்கருவேலம் முளைத்து, திட்டுக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் போன பிறகு வந்த பாலம். இரண்டு பக்கமும் கைப்பிடி, அதில் வெள்ளையும் கறுப்பும் பட்டை. முகப்பில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் எங்கள் காரை நிறுத்தினார்.

“பிளாட் பாக்க வந்தீங்களா மேடம்? உள்ள ஃபுல்லா தார் ரோடு. இறங்கவே வேண்டாம், கார்லயே பாத்துடலாம். ஒரிஜினல் தீவு இது, ரெண்டு பக்கமும் ஆறு.”

அக்கா கண்ணாடியை இறக்கினாள். “ஆத்துல தண்ணி எங்க தம்பி?”

“மழை வந்தா வரும்மா. ஆனா நீங்க பயப்படவே வேண்டாம். பாலம் இருக்கு.”

“அப்படியா? யாரு தம்பி கேட்டு வாங்குனது?”

“கம்பெனிதாம்மா மனுக் குடுத்தாங்க.”

“நல்லா எழுதியிருப்பாக போல” என்றாள் அக்கா.

சுற்றினோம். கத்தரிக் கொல்லை இருந்த இடத்தில் வண்ண வண்ணக் கல் நட்டிருந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் நீச்சல் குளத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். கோயில் மட்டும் வெள்ளையடித்து நின்றது. பட்டறை இருந்த மேட்டில் காரை நிறுத்தினேன். அக்கா இறங்கவில்லை.

“அந்த நோட்டு என்னக்கா ஆச்சு?”

“எந்த நோட்டு? ஆத்துத் தண்ணிய எழுதி வச்சதா? அம்மா அடுப்புக்குப் போட்டிருக்கும்.” கொஞ்சம் யோசித்து, “இல்ல, நாந்தான் போட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாளு” என்றாள்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் காரை நிறுத்தினேன். பாலத்தின் மேல் நிறுத்தக் கூடாது என்று பலகை இருந்தது. அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். காரில் நான் சொன்னதைத்தான் அதில் எழுதியிருந்தார்கள், அதை வைத்துத்தான் தள்ளுபடி செய்தார்கள் என்று சொன்னேன்.

அக்கா கீழே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியும். நானும் அந்தக் கார்லதான இருந்தேன்.”

“நீ முழங்கால வச்சு அழுத்துன. எனக்கு வெளங்கல.”

“அழுத்துனேன். வாயத் தொறந்து சொல்லல. நோட்டு மடிலதான் இருக்கு. சார், இவ மழைக்காலத்துல அத்தை வீட்ல இருக்கான்னு ஒரு வார்த்த. அப்பா சைக்கிள்ல பின்னாடி வாராருன்னு பேசாம இருந்துட்டேன்.” என் பக்கம் திரும்பினாள். “நான் பேசாம இருந்தத எழுதியிருக்கானா?”

“இல்லக்கா.”

“அப்ப அது பொய் ரிப்போர்ட்டுத்தான்.”

சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

“எம் மனுவும் அதுல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எங்க அது?”

“கோப்ப அழிச்சாச்சுக்கா. கூழாக்க அனுப்பிட்டாங்க.”

“யாரு?”

“நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“நீ ஒண்ணும் எடுத்து வச்சுக்கலையா?”

“ஒரு தாள் எடுத்தேன்.”

கேட்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. அறிக்கைத் தாளைத்தான் நான் எடுத்தேன். வேறு யார் கண்ணிலும் படக் கூடாது என்று உருவி, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். என் பணிக்காலத்தின் ஒரே விதிமீறல். நீல மை மனுவைக் கோப்பிலேயே விட்டுக் கட்டுக்குள் வைத்துக் கட்டினேன். இரண்டையும் எடுத்தால் கோப்பு மெலிந்து தெரியும் என்று அப்போது எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

“ரெண்டுல ஒண்ணுன்னா, ஒனக்கு வேணுங்கிறதத்தான் எடுத்திருக்க” என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்கிறவளின் குரல். “வண்டிய எடு. பின்னால காரு நிக்கிது.”

எடுத்தேன். மீதிப் பாலத்தைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அய்யலூர்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அம்பாசிடரின் பின் சீட்டில் இருந்த அதே மௌனம். அதை அந்த அதிகாரி எழுதாமல் விட்டார். இந்தத் தடவையாவது விட்டுப்போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன். என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது.